எலி பயந்தால் அதன் இதயத்தை முடுக்குவது மூளையின் எந்த இடம்?

எலியைக் கையில் எடுத்தாலே அதன் நெஞ்சு படபடவென்று அடிப்பது விரலுக்குத் தெரிகிறது. பயத்தில் அட்ரினலின் சுரப்பதால் இப்படி ஆகிறது என்று பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்படியானால் மூளைக்கு இதில் என்ன வேலை, ஒரே சுவிட்சா பல சுவிட்சா, மனிதனுக்கும் இதே கதைதானா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே கேள்விபோலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. பயம் என்ற சேதி எந்த வழியாக இதயத்துக்குப் போகிறது, அதை அனுப்பச் சொல்லி உத்தரவு கொடுப்பது யார், எலியிடம் கண்டதை வைத்து நம்மைப் பற்றி எவ்வளவு சொல்லலாம். நான் ஒரு மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் துறையில் பதினைந்து வருடத்துக்கு மேல் எலிகளின் இரத்த அழுத்தத்தை அளந்தவன், அதில் பாதிக் காலம் எலி மூளைக்குள் நுண்ணூசி வைக்கும் வேலை செய்தவன். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அட்ரினலின். பாடத்தில் இருப்பது பொய் இல்லை, ஆனால் வரிசை மாறியிருக்கிறது. எலி திடுக்கிட்டதும் ஓரிரு நொடிகளிலேயே இதயத் துடிப்பு ஏறிவிடுகிறது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை இரத்தத்தில் விட்டு, அது சுற்றிவந்து இதயத்தைத் தொடுவதற்கு அதைவிட நேரமாகும். அந்த முதல் ஏற்றம் நரம்பு வழியாக வருவது. தண்டுவடத்திலிருந்து இதயத்துக்கு நேராக வரும் பரிவு நரம்புகள் முடுக்குகின்றன, அதே நேரத்தில் இதயத்தை அடக்கிவைத்திருக்கும் வேகஸ் நரம்பு பிடியைத் தளர்த்துகிறது. அட்ரினலின் பிறகு வந்து சேர்ந்து அந்த வேகத்தை நீட்டிக்கிறது. மனிதர்களில் இதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு: இதய மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்குப் புதிய இதயத்தில் நரம்புத் தொடர்பு அறுந்திருக்கும். அவர் மாடிப்படி ஏறினால் துடிப்பு உடனே ஏறாது, இரத்தத்தில் அட்ரினலின் கூடக் கூட மெதுவாகத்தான் ஏறும், உட்கார்ந்த பிறகும் மெதுவாகத்தான் இறங்கும். ஆக, உடனடிப் படபடப்பு என்றால் நரம்பு. நரம்பு என்றால் அதற்கு மேலே மூளை.

மூளைக்குள் போவதற்கு முன் அளவீட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் பாதித் தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. நீங்கள் கையில் எடுத்து விரலில் உணர்ந்தது அமைதியான எலியின் துடிப்பு இல்லை. யாரும் தொடாத, பகலில் சுருண்டு படுத்திருக்கும் ஒரு வளர்ந்த எலிக்கு நிமிடத்துக்கு 300 முதல் 350 துடிப்பு இருக்கும். கையில் எடுத்துக் குறுகலான கண்ணாடிக் குழாயில் அடைத்தால் 450-ஐத் தாண்டிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்களிடம் இருந்தது வாலில் பட்டை மாட்டி அழுத்தம் பார்க்கும் கருவி மட்டும்தான். எலியைக் குழாய்க்குள் தள்ளி, வாலை வெளியே இழுத்து, வெதுவெதுப்பான பெட்டியில் அந்த வாலைச் சூடேற்றி, பிறகு பட்டையை ஊத வேண்டும். சூடேற்றாவிட்டால் நாடித்துடிப்பே கருவிக்குக் கிடைக்காது. ஏன் கிடைக்காது என்று நான் மூன்று வருடம் யோசிக்கவே இல்லை. பயந்த எலியின் வாலில் இரத்தக் குழாய்கள் இறுகிப்போய் வால் சில்லிட்டுவிடுகிறது, அதனால்தான். நாங்கள் அழுத்தத்தை அளக்கப் போய், அளக்கும் செயலாலேயே அழுத்தத்தை ஏற்றிவைத்துவிட்டு, ஏறியதைத்தான் இயல்பு என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். பின்னால் வயிற்றுக்குள் சின்ன டிரான்ஸ்மிட்டர் வைத்து வானொலி அலை வழியாக அளக்கும் டெலிமெட்ரி வந்தபோது, நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கூண்டு மாற்றுகிறவர் எலி அறையின் கதவைத் திறந்த கணத்தில், அவர் எந்தக் கூண்டையும் தொடுவதற்கு முன்பே, வரிசையாக எல்லா எலிகளின் கோடும் மேலே எழும்பும். கூண்டு மாற்றிவிட்டு அவர் போன பிறகு அந்தக் கோடுகள் பழைய இடத்துக்கு வர ஒரு மணி நேரம்கூட ஆகும். அன்றிலிருந்து, எலியைத் தொட்டு அளந்த எந்த எண்ணையும் ஓய்வு நிலை எண் என்று நான் ஏற்றுக்கொள்வதில்லை.

சரி, மூளை. இந்தக் கதை பூனையிலிருந்து தொடங்குகிறது. 1928-இல் அமெரிக்காவில் பிலிப் பார்ட் என்ற ஆய்வாளர், பெருமூளையை அகற்றிவிட்ட பூனைகளும் முடி சிலிர்த்து, சீறி, இரத்த அழுத்தம் ஏறி, கோபத்தின் முழு உடல் வேடத்தையும் காட்டுவதைப் பார்த்தார். மூளையின் அடிப்பக்கம் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற சின்னப் பகுதியின் பின்பாதி மிச்சமிருக்கும்வரை இது நடந்தது, அதற்கும் கீழே வெட்டினால் முழு வேடமும் நின்றுபோனது. பிறகு சூரிச்சில் வால்டர் ஹெஸ், விழித்திருக்கும் பூனைகளின் ஹைப்போதலாமஸில் மெல்லிய கம்பி இறக்கி மின்சாரம் கொடுத்து இதே கோலத்தை வரவழைத்தார், 1949-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் மின்சாரத்தில் ஒரு கோளாறு உண்டு. கம்பி நுனியில் இருக்கும் நரம்புச் செல்களை மட்டும் அது எழுப்பாது, எங்கிருந்தோ எங்கேயோ போகும் வழியில் அந்த இடத்தைக் கடக்கிற நரம்பு இழைகளையும் சேர்த்து எழுப்பிவிடும். அப்போது உத்தரவு இந்த ஊரில் எழுதப்பட்டதா, இந்த ஊர் வழியாகப் போன தபாலா என்று சொல்ல முடியாது.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது நுண்ணூசி முறை. மயக்கத்தில் இருக்கும் எலியின் தலையைச் சட்டத்தில் பொருத்தி, மண்டையோட்டின் எலும்புகள் சேரும் ஒரு புள்ளியிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் பின்னே, இத்தனை பக்கவாட்டில், இத்தனை ஆழம் என்று கணக்குப் போட்டு ஒரு குழாயைப் பொருத்திவிடுவோம். எலி தேறிய பிறகு, விழித்திருக்கும்போதே, அந்தக் குழாய் வழியாக 100 நானோலிட்டர் மருந்து விடலாம். சாதாரண நீர்த்துளி ஒன்றை ஐந்நூறாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு. மருந்து செல்களின் மேலிருக்கும் ஏற்பிகளில்தான் வேலை செய்யும், வழிப்போக்கு இழைகளைத் தொடாது. இந்தத் துறையில் அதிகம் பயன்பட்ட மருந்துகள் இரண்டு. காபா என்பது மூளையின் அடக்கும் வேதிப்பொருள். காபாவைப்போல் நடித்துச் செல்களை உறங்கவைப்பது மஸ்சிமால், ஒருவகை நச்சுக் காளானிலிருந்து முதலில் எடுக்கப்பட்டது. காபாவின் வேலையைத் தடுத்துச் செல்களை அவிழ்த்துவிடுவது பைகுகுலின்.

இந்த இரண்டையும் வைத்து இண்டியானாபோலிஸில் ஜோசப் டிமிக்கோவின் குழு 1980-களிலிருந்து செய்த வேலைதான் உங்கள் கேள்விக்கு மையமான பதில். ஹைப்போதலாமஸின் நடுவில், பின்புறம் சற்று மேலே, கடுகளவு இடம் ஒன்று இருக்கிறது. ஆய்வகத்தில் டி.எம்.எச். என்போம். அங்கே பைகுகுலினை விட்டால், கூண்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் எலிக்கு, யாரும் பயமுறுத்தாமலேயே, துடிப்பு இருந்ததைவிட நிமிடத்துக்கு நூறுக்கு மேல் கூடும், இரத்த அழுத்தம் ஏறும், மூச்சு வேகமாகும், மன அழுத்த ஹார்மோன்கள் சுரக்கும், குடல் அசைவுகூடக் கூடும். நாம் ‘வயிற்றைக் கலக்குது’ என்று சொல்கிறோமே, அதுவும் இந்தத் தொகுப்புக்குள் இருக்கிறது. மறுபுறம், அதே இடத்தில் மஸ்சிமாலை விட்டு உறங்கவைத்துவிட்டு, எலியைக் குழாயில் அடைத்து முகத்தில் காற்றைப் பீய்ச்சி அடித்தால், வழக்கமாக எகிறும் துடிப்பும் அழுத்தமும் வெகுவாக அடங்கிப்போகின்றன. 1996-இல் வெளிவந்த அவர்கள் சோதனையில் ஒரு நல்ல ஒப்பீடும் இருந்தது. ஹைப்போதலாமஸிலேயே அருகில் இருக்கும் இன்னொரு நரம்புச் செல் திரள், அதாவது கார்ட்டிசால் வகை ஹார்மோன்களின் சங்கிலியைத் தொடங்கிவைக்கும் பி.வி.என்., அங்கே மஸ்சிமால் விட்டபோது இதயத்தின் எதிர்வினை அடங்கவில்லை. எல்லாப் பாடப் படங்களிலும் மன அழுத்தத்தின் தலைமையகம் என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவது இந்தப் பி.வி.என்.-ஐத்தான். ஹார்மோனுக்கு அது சரி. உடனடிப் படபடப்புக்கு அம்புக்குறியைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும்.

பைகுகுலின் சோதனையில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. காபாவைத் தடுத்த மாத்திரத்தில் இவ்வளவும் நடக்கிறது என்றால், சும்மா இருக்கும் நேரத்தில் காபா அந்த இடத்தை விடாமல் அடக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிறைந்த ஏரியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்க, மதகுப் பலகை அதைத் தடுத்து நிற்பதுபோல. எலியின் அமைதி என்பது ஓயாமல் பிடித்துவைத்திருக்கும் அமைதி. உண்மையான பயத்தின்போது பலகை தூக்கப்படுகிறதா, அல்லது மேலிருந்து வெள்ளம் வந்து சேருகிறதா என்று கேட்டால், இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. முடுக்கும் வேதிப்பொருளான குளுட்டமேட்டின் ஏற்பிகளை டி.எம்.எச்.-இல் அடைத்தாலும் காற்றுப் பீய்ச்சலுக்கு வரும் படபடப்பு குறைகிறது. எது எவ்வளவு பங்கு என்பது தீர்ந்துபோன விஷயம் இல்லை.

அங்கிருந்து கீழே போகும் வாய்க்கால் ஒன்றல்ல. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தின் முன்பக்கம் பக்கவாட்டில் ஆர்.வி.எல்.எம். என்று ஒரு பகுதி உண்டு, உடலின் இரத்தக் குழாய்களை இறுக்கும் பரிவு நரம்புகளுக்கு அதுதான் பெரிய ஓட்டுநர். டி.எம்.எச்.-ஐ எழுப்பிவிட்டு ஆர்.வி.எல்.எம்.-ஐ இருபுறமும் உறங்கவைத்தால் என்ன ஆகும் என்று சிட்னியில் ரோஜர் டாம்ப்னியின் குழு மயக்கத்தில் இருந்த எலிகளில் பார்த்து 2001-இல் எழுதினார்கள். இரத்த அழுத்த ஏற்றமும் சிறுநீரகத்துக்குப் போகும் பரிவு நரம்பின் துடிப்பும் பெருமளவு அடங்கின. இதயத் துடிப்பின் ஏற்றம் அப்படியே இருந்தது. அடுத்த ஆண்டே டிமிக்கோவின் ஆட்கள் மறுபாதியைக் காட்டினார்கள்: முகுளத்தின் நடுக்கோட்டில் இருக்கும் ரேஃபே பாலிடஸ் என்ற பகுதியை உறங்கவைத்தால் டி.எம்.எச். எழுப்பும் படபடப்பு அடங்குகிறது. ஆக, குழாய்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்ற ஒரு வழி, இதயத்தை வேகப்படுத்த வேறு வழி. இரண்டும் ஒரே மதகிலிருந்து பிரிகின்றன. ‘பி.பி.யும் படபடப்பும் ஒண்ணா ஏறிடுச்சு’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதை மூளை இரண்டு தனித்தனி வேலைகளாகத்தான் செய்கிறது.

அந்த நடுக்கோட்டு ரேஃபே இதயத்தோடு நிற்பதில்லை. எலியின் வாலுக்குப் போகும் தோல் இரத்தக் குழாய்களை இறுக்குவதும், உடலில் வெப்பம் உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பை முடுக்குவதும் அதே பகுதிதான். அகச்சிவப்புக் கேமராவில் பயந்த எலியைப் பார்த்திருக்கிறேன். திரையில் சற்று முன்வரை வெளிச்சமாக இருந்த வாலும் பாதங்களும் நிமிடங்களில் கறுத்துப்போகின்றன, உடம்பு மட்டும் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. வால் பல டிகிரி குளிர்ந்திருக்கும், உள் உடல் வெப்பமோ ஏறிக்கொண்டிருக்கும். பயத்தில் கை கால் சில்லிட்டுப்போச்சு, குளிர்காய்ச்சல் கண்டுவிட்டது என்று நம் வீடுகளில் சொல்வதற்கு இவ்வளவு துல்லியமான உடலியங்கியல் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான். அப்புறம்தான் என் பழைய வால் சூடேற்றும் பெட்டியின் அர்த்தமும் புரிந்தது.

இங்கே ஒரு கேள்வி வரவேண்டும், உங்களுக்கும் வந்திருக்கலாம். இரத்த அழுத்தம் ஏறினால் கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் இருக்கும் உணரிகள் மூளைத்தண்டுக்குச் சேதி சொல்லி இதயத்தை மெதுவாக்கும் என்றுதானே படித்தோம்? அழுத்தம் ஏறும்போது துடிப்பும் சேர்ந்து எப்படி ஏறுகிறது? 1960-களில் பூனைகளில் செய்த சோதனைகளை வைத்து, ஆபத்து நேரத்தில் ஹைப்போதலாமஸ் இந்த அனிச்சையை அணைத்துவிடுகிறது என்று நினைத்தார்கள். எலிகளில் பின்னால் கவனமாகப் பார்த்தபோது படம் வேறாக இருந்தது. டி.எம்.எச்.-ஐ மிதமாக எழுப்பினால் அனிச்சை அணையவில்லை. அதன் கூர்மை குறையவில்லை. அது காக்கும் மட்டம் மட்டும் உயர்ந்திருந்தது. ஃபிரிட்ஜை அணைக்காமல் உள்ளே இருக்கும் குமிழை வேறு எண்ணுக்குத் திருப்பிவைப்பதுபோல. பயந்த எலியின் இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டை இழந்து ஏறுவதில்லை, மேலான ஒரு மட்டத்தில் கட்டுப்பாட்டோடு நிறுத்தப்படுகிறது. மிகக் கடுமையான தூண்டலில் அனிச்சையே அமுங்கிப்போகவும் கூடும், அதனால் பழையவர்கள் பார்த்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி, மதகைத் திறக்கச் சொல்வது யார். இங்கே நிச்சயம் குறைகிறது, சுவாரசியம் கூடுகிறது. பதில் எந்த மாதிரிப் பயம் என்பதைப் பொறுத்தது. 1988-இல் நியூயார்க்கில் ஜோசப் லெடூவின் குழு செய்த சோதனையை எந்த மாணவருக்கும் முதலில் சொல்லுவேன். ஒரு ஒலியைக் கேட்கச் செய்து காலில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பழக்கினால், பிறகு ஒலி மட்டும் கேட்டாலே எலி அப்படியே உறைந்து நிற்கும், அழுத்தமும் ஏறும். பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் மையச் செல் திரளை அழித்தால் இரண்டும் போய்விடுகின்றன. ஆனால் அங்கிருந்து சேதி போகும் இடங்களில், பக்கவாட்டு ஹைப்போதலாமஸை மட்டும் அழித்தால் அழுத்தம் ஏறாது, எலி உறைந்து நிற்கும். நடுமூளையில் பி.ஏ.ஜி. என்ற சாம்பல் பகுதியை மட்டும் அழித்தால் உறையாது, அழுத்தம் ஏறும். ஒரே பயத்தின் இரு முகங்கள், இரண்டையும் கத்தியால் பிரித்துவிட முடிகிறது. இதை முதன்முதலில் படித்தபோது நான் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு வகை, சமூகத் தோல்வி. ஒரு எலியை, ஆதிக்கம் செலுத்தும் பெரிய ஆண் எலியின் கூண்டில் விட்டால் அடிவாங்கிப் பணிந்துபோகும், துடிப்பும் அழுத்தமும் உடல் வெப்பமும் ஏறும். இந்த எதிர்வினைக்கான உத்தரவு எங்கிருந்து டி.எம்.எச்.-க்கு வருகிறது என்று ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தின் கசுஹிரோ நகமுராவின் குழு தேடி 2020-இல் வெளியிட்டார்கள். நெற்றிப்புற மூளையின் அடிப்பக்கத்தில், யாரும் அதிகம் கவனிக்காத டி.பி., டி.டி.டி. என்ற இரண்டு சின்னப் பகுதிகள். அங்கிருந்து டி.எம்.எச்.-க்கு வரும் நரம்பு முனைகளை ஒளியால் முடுக்கினால் படபடப்பும் வெப்பமும் வந்தன. அந்த வழியை அழித்தால் அடிவாங்கிய எலிக்கும் அவை பெரிதும் குறைந்தன. அதோடு, தன்னை அடித்த எலியைப் பார்த்து ஒதுங்கும் பழக்கமும் குறைந்தது. மூளையின் மேலடுக்கான புறணியின் மற்ற பகுதிகளும் சும்மா இல்லை. பிரேசிலில் 2009-இல் வந்த வேலையில், நெற்றிப்புற மூளையின் ப்ரீலிம்பிக் பகுதியை அடக்கினால் கட்டிவைத்த எலியின் படபடப்பு கூடியது, அதற்குச் சற்றுக் கீழே இருக்கும் இன்ஃப்ராலிம்பிக் பகுதியை அடக்கினால் குறைந்தது. ஒட்டி இருக்கும் இரண்டு இடங்கள், எதிரெதிர் வேலை. சுவிட்ச் ஒன்றா பலவா என்று கேட்டீர்களே, என் பதில்: கேட்பவர்கள் பலர், திறக்கும் மதகு பெரும்பாலும் ஒன்று, கீழே வாய்க்கால்கள் மறுபடி பல.

‘பெரும்பாலும்’ என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அதிர்ச்சி வாங்கிய பெட்டிக்குள்ளேயே எலியைத் திரும்ப விட்டால் உறைந்து நிற்கிறது, அழுத்தம் நன்றாக ஏறுகிறது, துடிப்பு மட்டும் தொடக்கத்தில் அவ்வளவாக ஏறுவதில்லை. இதயம் அமைதியாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பாஸ்கல் கேரீவ் 2006-இல் காட்டியதுபோல, பரிவு நரம்பு முடுக்கிக்கொண்டிருக்க வேகஸும் சேர்ந்து பிடித்து இழுக்கிறது, ஆக்சிலேட்டரும் பிரேக்கும் ஒன்றாக மிதிபடுகின்றன. வேகஸை மருந்தால் தடுத்தால் மறைந்திருந்த படபடப்பு வெளியே வந்துவிடுகிறது. எனவே துடிப்பை மட்டும் எண்ணிவிட்டு, இந்த எலிக்குப் பயமில்லை என்று எழுதாதீர்கள். எல்லா மன அழுத்தத்துக்கும் வேதிப்பொருளும் ஒன்றல்ல: விழிப்பைத் தூண்டும் மூளை வேதிப்பொருளான ஓரெக்சினின் ஏற்பிகளைத் தடுக்கும் மருந்து, புதிய கூண்டில் விடுவதற்கும் இந்தப் பெட்டிப் பயத்துக்கும் வரும் எதிர்வினையைக் குறைத்தது, கட்டிவைப்பதற்கு வருவதைக் குறைக்கவில்லை. ஆபத்தைப் பார்த்து விலங்கு ஓடப்போகிறதா, உறைந்து நிற்கப்போகிறதா என்பதற்கேற்ப இதயத்துக்கான உத்தரவு மாறுகிறது.

எதை நம்பலாம், எதைச் சந்தேகத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். டி.எம்.எச். வட்டாரத்தை உறங்கவைத்தால் கட்டிவைப்பதற்கும் காற்றுப் பீய்ச்சலுக்கும் வரும் படபடப்பு அடங்கும் என்பது வேறுவேறு நாடுகளின் ஆய்வகங்களில் திரும்பத் திரும்ப வந்த முடிவு, என் கையாலும் செய்து பார்த்திருக்கிறேன். இதயத்துக்கும் குழாய்களுக்கும் வழி வேறு என்பதும் உறுதி. ஆனால் அந்த வட்டாரத்தின் எல்லை உறுதி இல்லை. 100 நானோலிட்டர் என்றாலும் மருந்து பரவத்தான் செய்யும், பக்கத்தில் ஓரெக்சின் செல்கள் இருக்கும் இடம் அரை மில்லிமீட்டர் தூரத்தில் கிடக்கிறது. சோதனை முடிந்து மூளையைச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கும்போது ஊசி நுனி நினைத்த இடத்தில் இல்லாமல் போன எலிகள் என்னிடமே எத்தனையோ. வலது டி.எம்.எச். இதயத்தை இடதை விட அதிகமாக முடுக்குகிறது என்று பிரேசிலில் மார்கோ ஃபோன்டெஸின் குழு காட்டியது. நம்பத்தக்க வேலை, ஆனால் எல்லா வகை மன அழுத்தத்திலும் அப்படித்தானா என்பது திறந்தே இருக்கிறது. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று: நான் மேலே சொன்ன சோதனைகளில் மிகப் பெரும்பாலானவை ஆண் எலிகளில் மட்டும் செய்தவை. நானும் ஆண் எலிகளைத்தான் வாங்கினேன், பெண் எலியின் சுழற்சி கணக்கைக் குழப்பும் என்று எல்லோரும் சொன்ன காரணத்தையே சொல்லி. அது தவறான பழக்கம், இன்று தொடங்கினால் அப்படிச் செய்ய மாட்டேன். ஜப்பானில், கட்டிவைத்த எலிகளின் இதய நுனி தற்காலிகமாகச் செயலிழந்து பலூன்போல் உப்புவதைப் பார்த்தார்கள். சூலகத்தை அகற்றிய பெண் எலிகளுக்கு ஈஸ்ட்ரஜன் கொடுத்தபோது அந்தப் பாதிப்பு குறைந்தது. பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் காணப்படும் டாகோட்சுபோ இதயநோயின் சாயல் அது. ஆண் பெண் வேறுபாட்டை ஒதுக்கினால் இப்படி எவ்வளவு தவறவிடுவோம்!

மனிதனுக்குப் பொருந்துமா? கீழ்த்தளம், அதாவது முகுளம், தண்டுவடம், அழுத்தம் காக்கும் அனிச்சை, பெரும்பாலும் ஒரே கட்டுமானம்தான், அதை நம்பிப் பேசலாம். நடுவில் ஹைப்போதலாமஸ் மனிதனிலும் இருக்கிறது, ஆனால் நம் தலைக்குள் ஊசி வைத்துப் பார்க்க முடியாது, ஸ்கேனில் அந்தக் கடுகளவு இடம் ஒன்றிரண்டு புள்ளிகளாகத்தான் தெரியும். மேல்தளமான நெற்றிப்புற மூளையில், எலியின் இந்தப் பகுதி மனிதனின் எந்தப் பகுதிக்குச் சமம் என்பதிலேயே வாதம் இருக்கிறது. இன்னொரு வித்தியாசத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓய்வில் இருக்கும் மனிதனின் இதயத்தை வேகஸ் வலுவாகப் பிடித்துவைத்திருக்கிறது. எலி அறையின் வழக்கமான 22 டிகிரி எலிக்குக் குளிர், அதற்கு இதமானது முப்பதை ஒட்டிய வெப்பம். ஆகவே நாம் ஓய்வில் இருப்பதாக நினைக்கும் எலி, உடம்பைச் சூடாக வைக்கவே பரிவு நரம்பைக் கொஞ்சம் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

‘டென்ஷன்லயே பி.பி. வந்துடுச்சு’ என்று நம் ஊரில் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் கேள்விக்கு அடியில் அதுவும் இருப்பதாக எனக்குப் பட்டது. ஒரு முறை பயந்தால் அழுத்தம் ஏறி இறங்கும் என்பதை எலி சந்தேகமில்லாமல் காட்டுகிறது. தொடர்ந்து பயமுறுத்தினால் அழுத்தம் நிரந்தரமாக ஏறி நிற்குமா என்பதில் எலி அவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை. சாதாரண எலியை நாள்தோறும் ஒரே குழாயில் அடைத்தால், சில நாட்களில் அதன் துடிப்பு முன்போல் எகிறுவதில்லை, பழகிவிடுகிறது. 1963-இல் கியோட்டோவில் ஒகமோட்டோவும் ஆவோகியும் உருவாக்கிய, பிறவியிலேயே அழுத்தம் ஏறும் எலி வம்சம் ஒன்று உண்டு. அதைச் சாதாரண எலியோடு கலந்து பிறந்த குட்டிகளுக்கு அழுத்தம் எல்லைக்கோட்டில் இருக்கும். தொடர் மன அழுத்தம் கொடுத்தால் அவற்றில் அது எல்லையைத் தாண்டிவிடுகிறது. பரம்பரையில் சாய்வு இருக்கிறவர்களை மன அழுத்தம் தள்ளிவிடுகிறது என்ற அளவுக்கு எலியை வைத்துச் சொல்லலாம், அதற்கு மேல் நான் போக மாட்டேன். உங்களுக்கோ வீட்டிலோ யாருக்காவது அழுத்தம் ஏறியிருந்தால் அதை மருத்துவரிடம் காட்டுங்கள், எலியின் டி.எம்.எச். அங்கே உதவாது.

கடைசியாக, எலி உண்மையிலேயே பயந்துதான் இதயம் அப்படி அடிக்கிறதா என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். டி.எம்.எச்.-இல் பைகுகுலின் விட்ட எலியை நான் பலமுறை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கூண்டில் அதைப் பயமுறுத்த எதுவும் இல்லை, திரையில் துடிப்பு 480, எலி மூலைக்கு மூலை ஓடுகிறது, தப்பிக்கத் துடிக்கிறது. மருந்து இதயத்தை மட்டும் தொட்டதா, பயத்தையே வரவழைத்ததா? லெடூவின் எலிகளில் அழுத்தம் ஏறாமலே உறைதல் இருந்தது, நகோயாவின் எலிகளில் இதயத்துக்கான வழியை அறுத்ததும் ஒதுங்கும் பழக்கமும் குறைந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால், உணர்வும் உடலும் மேலே ஓரிடத்தில் ஒட்டியும் கீழே வந்ததும் பிரிந்தும் இருக்கின்றன என்றுதான் படிக்கத் தோன்றுகிறது. சோதனை முடிந்து மருந்து இறங்கியதும் அதே எலி, அரை மணி நேரத்தில், நான் கொடுத்த தீவனத்தை என் கையிலிருந்தே வாங்கித் தின்றது. அப்போதும் திரையில் துடிப்பு 400-க்கு மேல்தான் இருந்தது.